'ம' என்ற குழாய்

நீலச் சாயம் நகர்கிறதா என்று கண்ணை நட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது, அடுப்பில் வைத்த பால் மாதிரி, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, நான் முகம் கழுவப் போகிற நேரத்தில் ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கிற ஜெபசிங் வந்து பெட்டியின் மின்கம்பிகளை மாற்றிச் சொருகிவிட்டால் என்ன செய்வது, சொருக மாட்டான், நல்ல பையன்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆனால் நல்ல பையன் என்று நான் நினைத்ததெல்லாம் போன வாரம் வரைக்கும். அதோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுகிறான், மாவடுவைக் கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது, ஒரு கண் சோற்றில், ஒரு கண் என் பெட்டியில். தயிர்ச் சட்டியைத் தொட்ட கையோடு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு கிருமி நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதே, வயிற்று அமிலம் போன்ற புளிப்பில் போட்டுப் பார், செத்துப்போகிறதா பார், பித்த நீரில் போட்டுப் பார், குடல் சவ்வில் ஒட்டுகிறதா பார், பேதிக் கிருமியோடு ஒரே தட்டில் விட்டு யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பார், எல்லாவற்றிலும் பிழைத்து வந்தால் அப்போதும் நம்பாதே, ரத்தம் கலந்த தட்டில் தடவி ரத்தத்தைக் கரைக்கிறதா என்று பார். பகலெல்லாம் இப்படிப் பார்த்த புத்தி சாயங்காலம் வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா என்ன, வீட்டுக்கும் கூடவே வருகிறது, மீன்காரி செவுளுக்குச் சாயம் பூசியிருப்பாளோ, மாடி வீட்டம்மா நம்மைப் பார்த்ததும் ஏன் பேச்சை நிறுத்தினாள், என் வீட்டுக்காரர் பூதலிங்கம் சொல்வார், உங்கூடக் குடும்பம் நடத்துறதும் ஒண்ணுதான், போலீஸ் ஸ்டேசன்ல பாய விரிச்சுப் படுக்கிறதும் ஒண்ணுதான். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்வதில்தான் உண்மை இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெட்டிக்குள் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது பாளம், நுங்கு மாதிரி, அதில் ஐந்து குழி. முதல் குழியில் அளவுக்கான துண்டுகள். இரண்டாவதில் நான் கண்டுபிடித்த கிருமியின் மரபணுத் துண்டுகள், குளிர்பெட்டியில் உறைய வைத்திருந்தது. மூன்றாவதில் அதே குழந்தையிடமிருந்து இந்த வாரம் புதிதாக எடுத்து வந்து வளர்த்தது. நான்காவதில் 'ம'. ஐந்தாவதில் வெறும் தண்ணீர், அதில் ஒன்றும் வரக் கூடாது, வந்தால் என் கை சுத்தமில்லை என்று அர்த்தம். மின்சாரம் இழுக்க இழுக்கத் துண்டுகள் நகர்ந்து கோடு கோடாக நிற்கும், ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கோட்டு வரிசை, கைரேகை மாதிரி. இரண்டும் மூன்றும் ஒன்றாக வந்தால் என் கிருமி பிழைத்தது, கூடவே நானும் பிழைத்தேன், கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்கள் அதைப் பிள்ளைகளின் பேதிக்குக் கொடுக்கிற பொடியில் சேர்ப்பார்கள், நெல்லைநாயகம் சார் என் வேலையை நிரந்தரமாக்க எழுதுவார். வராவிட்டால் இத்தனை மாசமும் நான் குப்பையைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன், வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை இந்த வருஷம் நீளாது. நாற்பது தாண்டினவளுக்கு வேறு எந்த ஆய்வகம் கதவைத் திறக்கும். கிருமி கிடைத்தது ஜோதியின் பிள்ளையிடம், ஜோதி என் வீட்டுக்காரரின் தங்கை, ஊரில் எத்தனையோ குழந்தைகளின் அணையாடையைச் சுரண்டிப் பார்த்தும் கிடைக்காதது சொந்த வீட்டுப் பிள்ளை இதழினியின் மலத்தில் கிடைத்தது, அமிலத்தில் சாகவில்லை, பித்தத்தில் சாகவில்லை, பேதிக் கிருமியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டது, அன்றைக்கே எனக்கு உறுத்தியது, இவ்வளவு சுளுவாகவா. கம்பெனிக்குக் கொடுப்பதற்கு முன்னால் குளிர்பெட்டியில் இருக்கிற எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சார் சொன்னார், ஒப்பிட்டதில் ஒன்றோடு அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. அந்த ஒன்றுதான் 'ம'. வேலை தொடங்கின புதிதில் கை பழகுவதற்கு வெளியாளிடம் கேட்க வெட்கப்பட்டு எங்களுடையதையே கொடுத்தோம், நான், ஜெபசிங், அப்போது இருந்து பிறகு போய்விட்ட இரண்டு பேர். யாருடையது எது என்று தெரிந்தால் சாப்பிடும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது என்று சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் எழுத்து எடுத்துக்கொண்டோம், இன்று வரை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. யார் இந்த 'ம' என்று சார் கேட்டபோது ஜெபசிங் காற்றாடியைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். 'ம' நான்.

என்னுடைய வயிற்றுக்குள் இருக்கிற கிருமி அந்தப் பிள்ளை வயிற்றுக்குள் எப்படி இருக்கும், உலகத்தில் ஒருத்தரைப் போல ஏழு பேர் இருப்பார்களாம், கிருமிக்கு இவ்வளவு அச்சாக இன்னொன்று இருக்காது. அப்படியானால் குழாய்க்குக் குழாய் கலந்திருக்கிறது. யார் கலந்தது. ஜெபசிங்தான் அந்தக் குளிர்பெட்டியின் சாவியை வைத்திருக்கிறான், என் வேலை போனால் அடுத்தது அவன்தான், போன மாதம் அவன் கல்யாணம் நிச்சயமானது, நிரந்தர வேலையா என்று பெண் வீட்டில் கேட்டார்களாம், அதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னான், அவனும் சிரித்துக்கொண்டு. இல்லை, அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, தண்ணீர்ப் பாத்திரத்தையே மூடத் தெரியாது. அப்படியானால் சார். கம்பெனியோடு விலை படியாமல் என் தலையில் மிளகாய் அரைக்கிறாரா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், தெரிகிறது, தெரிந்தும் என்ன, இருட்டில் நிஜமாகவே ஒன்று நின்றால் அதையும் அரண்டவன்தானே முதலில் பார்ப்பான். குழந்தையிடமிருந்து புதிதாக எடுத்துக்கொண்டு வாருங்கள், வேறு யாரும் தொட வேண்டாம், நீங்களே எடுங்கள், நீங்களே வளருங்கள் என்று சார் சொன்னதும் அம்பாசமுத்திரத்துக்கு நானே போனேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் ஐஸ் பெட்டி, பக்கத்தில் இருந்தவள் என்ன மீனு என்று கேட்டாள், விலாங்கு என்றேன், கூறு போடுவியளா என்றாள். அதில் சிரிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் மனசு ஜோதி வீட்டு நடையிலேயே நின்றுகொண்டிருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து தாய்ப்பாலைத் தவிர முதல் ஆறு மாசம் வேறு என்ன கொடுத்தாய் என்று நான் கேட்டேன். மருந்துக் கடையில் விற்கிற பேதிப் பொடி எதையாவது கொடுத்திருப்பாளோ, அதிலும் கிருமி உண்டே என்ற சந்தேகத்தில் கேட்டேன். ஜோதி முதலில் என்னைப் பார்க்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மாவை, என் மாமியாரைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் குடுக்கல மதினி, தாய்ப்பால் மட்டுந்தான்" என்றாள், சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொய். பொய் சொல்கிறவர்களுக்குக் கழுத்துதான் முதலில் சிவக்கும், அவளுக்குச் சிவந்தது. எதை மறைக்கிறாள், என்னிடம் எதற்கு மறைக்கிறாள்.

சேனை வைத்ததையா. அதை மறைக்க என்ன இருக்கிறது, அது எனக்குத்தான் தெரியுமே, என் கண் முன்னால்தானே நடந்தது, கண் முன்னால் நடக்கவில்லை, என்னை வெளியே அனுப்பிவிட்டு நடந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித்தண்ணீரை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் ஆள் பார்த்துத் தேர்ந்து வைக்கச் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்டால் ஏசுவாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு வைப்பார்கள். பிரசவத்துக்கு ஜோதியோடு முந்தின நாளிலிருந்து முழித்துக் கிடந்தவள் நான், வலியில் அவள் நகம் பதிந்தது என் கையில்தான், பிள்ளை வந்ததும் நானே வைக்கட்டுமா அத்தை என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மாமியார் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, என் தோளைத் தொட்டு, "நீ எதுக்கும்மா, பெரிய மாப்பிள்ளை வாராக, பேங்க் மேனேஜரு, அவுக வச்சா நல்லாருக்கும்லா" என்றார். பிள்ளை பெறாதவள் கை ஆகாது என்பதை அதைவிட இதமாக யாரால் சொல்ல முடியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, குணம் சொட்டில் வராது என்று எந்த மேடையிலும் சொல்வேன், நம்பிக்கை இல்லாத ஒன்று கிடைக்காமல் போனதற்கு ஏன் ஆஸ்பத்திரிக் கக்கூஸில் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படி அழுதேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்கவே பயம், தூக்கினால் மாமியாரின் கண் என் கையிலேயே இருக்கும், பிள்ளைக்கு அன்று சாயங்காலம் லேசாகச் சுட்டால்கூட என் கண்தான் பட்டது என்றாகும், முத்தமிட்டதே இல்லை, ஒரு தடவைகூட இல்லை. அணையாடையை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வாங்கினேன். எல்லோரும் கொஞ்சிவிட்டுத் திருப்பித் தந்த பிள்ளையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான், அதையும் இப்போது இல்லை என்கிறார்கள்.

அப்படியானால் கலந்தது நான்தானோ. இதைத்தான் முதலில் நினைத்திருக்க வேண்டும், கடைசியில் நினைக்கிறேன், ஊரையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு. என் வாயிலிருந்து தெறித்த எச்சில், கையுறைக்கு மேலே ஒட்டின வியர்வை, ஒரு தும்மல். அந்தப் பிள்ளையிடம் கிருமி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டு என்னுடையதையே தடவி வளர்த்துவிட்டேனா, தெரிந்து இல்லை, தெரியாமல். இந்த வாரம் முகமூடி ரெண்டு போட்டேன், மூச்சை அடக்கிக்கொண்டு தட்டைத் திறந்தேன், பக்கத்திலேயே பிள்ளையின் மலம் தொடாத வெறும் தட்டு ஒன்றையும் திறந்து வைத்து மூடினேன், அந்த வெறும் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை, அது நல்லது, ஆனால் மூடியை எந்தக் கையால் திறந்தேன், இடது கையாலா, இடது கையால் மூக்கைத் தொட்டேனா. தொடவில்லை. தொட்டேனோ. சாயம் பாளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்தினால் பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரியாமல் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. நிறுத்தினேன். பாளம் கையில் வழுக்கியது, கீழே போட்டுவிடுவேனோ என்று அதற்கும் பயந்து இருட்டு அறைக்குக் கொண்டுபோய் விளக்குப் பெட்டியில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது காலி. அதைத்தான் முதலில் பார்த்தேன், கரிய வெறும் பாதை, ஒரு பொட்டு இல்லை. இரண்டாவதில் ஏழு கோடு, மேலே தடித்து இரண்டு, நடுவில் நெருங்கி மூன்று, கீழே மங்கலாக இரண்டு. மூன்றாவதில் அதே. விரலால் காற்றில் கோடு இழுத்துப் பார்த்தேன், மேலே இரண்டு, நடுவில் மூன்று, கீழே இரண்டு. நான்காவதிலும் அதே. கலக்கவில்லை, யாரும் கலக்கவில்லை, ஜெபசிங்கும் இல்லை, சாரும் இல்லை, நானும் இல்லை, பிள்ளையிடமே இருக்கிறது, என் கிருமி நிஜமாகவே அந்தப் பிள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேலை பிழைத்தது என்ற சந்தோஷம் வந்து வாசலில் நின்றது, உள்ளே வரவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் கேள்வி உள்ளே வந்துவிட்டது, எப்படி. முத்தமிடாதவள், சோறூட்டாதவள், தூக்காதவள். கைபேசி மேசையில் அதிர்ந்தது. ஜோதி.

"மதினி, வேலையா இருக்கியளா?"

"சொல்லு."

"அம்மா மாடில வத்தல் காயப்போடப் போயிருக்கு, அதான் இப்பப் பேசுதேன். பிள்ளைக்கு ஏதும் கோளாறா மதினி? நீங்க அன்னைக்கு வந்து கேட்டதுல இருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல."

"கோளாறு ஒண்ணும் இல்ல. பிள்ளை நல்லா இருக்கு. ஆனா நீ எங்கிட்ட எதையோ மறைக்கே ஜோதி."

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா முன்னால எப்படி மதினி சொல்லுவேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில சீனித்தண்ணி நீங்கதான கலக்குனிய?"

"ஆமா. கலக்க என் கை ஆகும், வைக்கத்தான் ஆகாது."

"இனிப்பு எப்படி இருக்குன்னு விரல வச்சு நக்கிப் பாருங்கன்னு சொன்னேம்லா. நீங்களும் பாத்திய, சப்புன்னு இருக்குன்னு இன்னும் கொஞ்சம் சீனி போட்டு அதே விரலால கலக்குனிய. அப்புறம் அம்மா உங்கள பிளாஸ்க் கழுவ அனுப்பிட்டு, பெரிய அத்தானக் கூட்டிட்டு வர வாசலுக்குப் போச்சு. அந்த நேரத்துல நான் டம்ளர்ல தொட்டுப் பிள்ளை நாக்குல வச்சுட்டேன். அத்தான் வச்சது ரெண்டாவதுதான் மதினி. மொதல்ல போனது உங்களுது."

டம்ளரை நினைவுபடுத்தப் பார்த்தேன், கழுத்தில் நசுங்கின எவர்சில்வர் டம்ளர், என் விரலில் சீனி பிசுபிசுத்தது. கை கழுவாமலா கலக்கினேன், கழுவினேன், வாயில் வைத்த பிறகு கழுவவில்லை. வாயில் இருப்பதுதானே வயிற்றுக்கும் போவது. ஒரே ஒரு சொட்டில் போனது இத்தனை மாசம் தங்குமா, பெரும்பாலும் தங்காது, ஆனால் முதலில் போய் உட்கார்ந்தவனுக்கு இடம் கிடைக்கும் என்று நானே எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறேன். இல்லை, என்னைச் சமாதானப்படுத்த இப்போது கட்டிச் சொல்கிறாளோ. அவளுக்கு 'ம' குழாயைப் பற்றி என்ன தெரியும். ஒன்றும் தெரியாது. தெரியாதவள் கட்டிச் சொல்ல முடியாது.

"எதுக்கு ஜோதி அப்படிச் செஞ்ச?"

"உங்க குணம் வரணும்னுதான்."

"என் குணமா? உங்க அண்ணங்கிட்டக் கேட்டுப் பாரு, சந்தேகப் பிராணின்னு சொல்லுவாரு."

"அதுதான் மதினி வேணும். யாரு என்ன சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேக்கட்டும். காலேஜ விட்டு நிறுத்துனப்பவும் சரின்னேன், மாப்பிள்ளை ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போனப்பவும் சரின்னேன். சரி சரின்னு தலையாட்டியே நான் இங்க வந்து நிக்கேன். எம் பிள்ளைக்கு அது வேண்டாம்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா எறங்கி வருது, வைக்கேன்."

கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. இத்தனை மாசம் ஒரு வீட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், ஒரே ஒருத்தி அந்தச் சந்தேகத்தை ஆசைப்பட்டுத் தன் பிள்ளைக்குத் திருடிக் கொடுத்திருக்கிறாள். அழுதேன், இந்தத் தடவை தண்ணீரைத் திறந்துவிடவில்லை. கதவைத் திறந்துகொண்டு நெல்லைநாயகம் சார் வந்தார், பின்னாலேயே வாயைத் துடைத்துக்கொண்டு ஜெபசிங். சார் குனிந்து பாளத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "சக்தி, கலப்படம் இல்லம்மா. பிள்ளைகிட்டதான் இருக்கு" என்றார், அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எந்தக் கள்ளமும் இல்லை, வெறும் நிம்மதிதான் இருந்தது. பிறகு நான்காவது வரிசையில் விரலை வைத்தார். "இந்த 'ம'தான் இடிக்குது. பச்சப்பிள்ளைகிட்டக் கெடச்சதுன்னுதான் கம்பெனிக்காரன் வாங்குறான். யாரோ ஒரு பெரிய ஆளுகிட்டயும் இருக்குன்னா ஆயிரம் கேள்வி கேப்பான்."

"நான் 'ம' இல்ல சார், நான் 'த'" என்றான் ஜெபசிங், காது வரைக்கும் சிவந்து.

"அப்பப் போயிட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். பழகுறதுக்கு எடுத்த குழாய்தான, வேக வச்சுக் கொட்டிருவோம். பேச்சே வேண்டாம்." சார் எனக்காகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் போதும், வேலை நிரந்தரம், கிருமி குழந்தையுடையது, 'ம' சாக்கடையில். வாயைத் திறக்காதே என்று இத்தனை வருஷப் புத்தியும் சொன்னது.

"கொட்ட வேண்டாம் சார். 'ம' நான்தான்."

ஜெபசிங் என்னைப் பார்த்தான், பிறகு நாகரிகமாகக் காற்றாடியைப் பார்த்தான். சார் நெற்றியைத் தேய்த்தார். "என்னம்மா சொல்றீங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நீங்க போட்ட உழைப்பு இது, கம்பெனிக்காரன் வேண்டாம்னுட்டுப் போயிருவான். அதோட, இது எப்படிப் பொருந்தும்? இந்த மாதிரிக் கிருமியெல்லாம் பெத்த தாய்கிட்ட இருந்துதான பிள்ளைக்குப் போகும்."

"நான் அந்தப் பிள்ளைக்கு அத்தை" என்றேன். "அத்தைகிட்ட இருந்தும் போகும் சார், எழுதிக்கோங்க."